பழைய செங்கல்

மூன்று வருஷங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்து வெய்யிலில், எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டை இடித்தோம். 'இடித்தோம்' என்று பன்மையில் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சௌகரியம் இருக்கிறது. பாவத்தில் பங்காளிகள் அதிகமானால் பாரம் குறையும் அல்லவா? ஆனால் உத்தரவு கொடுத்தவன் நான்தான்.

புதுச்சேரியில் தமிழர் பகுதியில், தெருவைப் பார்த்த திண்ணையும், தாழ்வாரமும், நடுவே முற்றமுமாக இருந்த வீடு அது. பங்குதாரர்கள் நால்வர். வீட்டை நாலாக வெட்ட முடியாது. மனையை விற்றால் பணத்தை நாலாக வெட்டலாம். குடும்பச் சரித்திரங்கள் பெரும்பாலும் இப்படி ஒரு வகுத்தல் கணக்கில்தான் முடிகின்றன. மனையைக் காலியாகக் கொடுக்க வேண்டும் என்பது வாங்கியவரின் நிபந்தனை.

இடிக்க வந்த மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். என் தகப்பனாரை அறிந்தவர். வேலை பேச வந்த அன்றே திண்ணைச் சுவரின் உச்சியிலிருந்து ஒரு செங்கல்லைக் கடப்பாரை முனையால் நெம்பி எடுத்தார். கரணையின் விளிம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். ஒட்டியிருந்த சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு விரலால் சுண்டினார். 'ணங்' என்றது.

"பாத்தீங்களா தம்பி, வெண்கலக் கிண்ணம் மாதிரி பேசுது! ஆள் வச்சு ஒவ்வொண்ணாக் கழட்டினா முக்கால்வாசிக் கல்லு முழுசாத் தேறும். ஒரு மாசம் குடுங்க" என்றார்.

எனக்கு ஒரு மாதம் ஏது? பதினைந்தாம் நாள் பத்திரப் பதிவு. ஜே.சி.பி. இயந்திரம் வைத்தால் நாலு நாளில் முடியும் என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். "அப்போ திண்ணைச் சுவரையும் பூஜை அறைச் சுவரையும் மட்டும் எனக்கு விடுங்க. நானும் என் மவனும் ராவோட ராவா கழட்டிக்கறோம். வண்டிக்கூலி என்னுது" என்றார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தாராளம் என்பது நமக்கு மதிப்புத் தெரியாத பொருளின் விஷயத்தில் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது!

நாலே நாளில் வீடு போயிற்று. தேக்கு உத்திரங்களையும் கதவுகளையும் பழைய மரக்கடைக்காரர் கொண்டுபோனார். மற்றதையெல்லாம் லாரிக்காரர் 'அப்புறப்படுத்தி'னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்தது. கரையிலிருந்து தண்ணீருக்குள் சரிந்து கிடந்தன கட்டட இடிபாடுகள், குவியல் குவியலாக. ஒரு குவியலின் மேல் சிவப்புக் காவித் தரைத் துண்டு ஒன்று. அதில் ஆணியால் கீறிய கட்டங்கள். என் பாட்டி தாயம் ஆடுவதற்காகத் தாழ்வாரத்துத் தரையில் கீறி வைத்த கட்டங்கள் அவை. ஏரியின் வயிற்றில் எங்கள் தாழ்வாரம் கிடந்தது. அந்த அளவுக்கு ஏரியில் தண்ணீருக்கு இடம் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த ஊரின் சரித்திரத்தை நான் வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். குவர்னர்களின் கதையாகவும் தளகர்த்தர்களின் கதையாகவும் படித்ததையே செங்கல்லின் கதையாகப் படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

முதலில் அரிக்கமேட்டைச் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள மேடு. சுமார் 2000 வருஷங்களுக்கு முன் யவன தேசத்துச் சரக்கு வந்து சேர்ந்த இடம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்து, இத்தாலி நாட்டு மண்பாண்டங்களையும் மது ஜாடிகளின் துண்டுகளையும் செங்கல் கட்டடங்களின் அடித்தளங்களையும் உலகுக்குக் காட்டினார். ஆனால் வீலர் துரைக்கு இருநூறு வருஷம் முன்னாலேயே அந்த மேட்டைத் தோண்டியவர்கள் உண்டு. வீராம்பட்டினத்துக் கிராமத்தார் பழைய செங்கற்களை வெட்டி எடுக்கிறார்கள் என்று 1734-லேயே இங்கிருந்து பிரெஞ்சுக் கம்பெனிக்குச் செய்தி போயிருக்கிறது.

பிறகு லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி வந்தார். சுக்கிரன் சூரியனைக் கடக்கும் அபூர்வக் காட்சியைக் காண்பதற்காகக் கடல் கடந்து வந்து, புதுச்சேரியில் தொலைநோக்கியும் கையுமாகக் காத்திருந்து, 1769-ல் சரியாக அந்த வேளையில் மேகம் வந்து மூடியதால் ஏமாந்த பரிதாபத்துக்குரிய மனிதர் அவர். ஆகாயத்தில் பார்க்க முடியாவிட்டாலும் பூமியில் ஒன்றைப் பார்த்து எழுதி வைத்தார். ஆற்றங்கரையில் வெளிப்பட்ட பெரிய பெரிய செங்கற்களை ஊர் ஜனங்கள் சேகரித்துக்கொண்டிருந்தார்கள். விசாரித்தபோது, வீரராகவன் என்ற ராஜாவின் பழைய கோட்டைச் செங்கல் என்று சொன்னார்களாம். அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்து வியாபாரியின் கண்பட்ட செங்கல், பதினெட்டாம் நூற்றாண்டில் எந்தக் குடியானவன் வீட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்ததோ, யார் கண்டது?

ஆராய்ச்சியாளர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அது நியாயந்தான், ஒரு சரித்திரப் புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்து அடுப்பெரித்த மாதிரிதான். ஆனால் அந்த ஜனங்கள் நம்மைப் போல் அதை ஏரியில் கொட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி யுத்த காலத்துக்கு வருவோம். அந்த நாளில் ஜெயித்தவன் தோற்றவனுடைய பொக்கிஷத்தை மட்டும் கொண்டுபோகவில்லை, தூண்களையும் கொண்டுபோனான். சென்னையில் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராக இருந்தபோது, 1732-ல், கோட்டையின் கடல் வாசலிலிருந்து உள்ளே போகும் பாதைக்குப் பல்லாவரத்துக் கருங்கல்லில் 32 தூண்கள் நிறுத்தினார். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அந்தக் கருந்தூண்கள் புதுச்சேரிக்குப் பிரயாணமாயின. பதினைந்து வருஷம் இங்கே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தன. 1761-ல் புதுச்சேரி விழுந்தபின் மறுபடியும் சென்னைக்கே திரும்பின. சென்னைக் கோட்டையில் சட்டமன்றக் கட்டடத்தின் முகப்பில் இன்றும் நிற்கும் கறுத்துப் பளபளக்கும் 20 தூண்கள் அவற்றைச் சேர்ந்தவைதாம். அரசாங்கம் மாறியது, கொடி மாறியது. கல் மட்டும் வேலையை விடவில்லை.

நம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல்தூண்கள் நிற்கின்றனவே, அவையும் இந்த ஊர்ப் பிறவிகள் அல்ல. செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-ல் புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததிலிருந்து 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அங்குள்ள வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் பல இப்படித்தான் ஊரை விட்டு வந்தன. 1870-ல் டூப்ளேக்குச் சிலை வைத்தபோது பீடத்துக்கும் செஞ்சிக் கல்லே உதவிற்று. கடலைப் பார்த்து நிற்கும் அந்தத் தூண்களின் சிற்ப வேலையை ஐஸ் கிரீம் சாப்பிடும் குழந்தைகள் தடவிப் பார்க்கும்போது எனக்கு இரண்டு எண்ணம் வரும். நல்ல கல்லை வீணாக்கவில்லை என்பது ஒன்று. ஒரு கோயில் தன் தூண்களை இழந்து நிற்கிறது என்பது மற்றொன்று. பழைய பொருளை மறுபடி உபயோகிப்பது எப்போதுமே தர்மம் என்று சொல்லிவிட முடியாது. யாருடைய பொருள், கேட்டு எடுத்ததா, கேளாமல் எடுத்ததா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த ஊரின் பெரிய கதை 1761-ல் நடந்தது. அதற்கு மூன்று வருஷம் முன், 1758 ஜூனில், பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூருக்குப் பக்கத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். ஆங்கிலேயர் அந்தக் கணக்கை மறக்கவில்லை. பல மாத முற்றுகைக்குப் பிறகு, பசி தாங்காமல் 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி சரணடைந்தது. இந்த ஊரின் பெருவாழ்வையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில தினங்கள் முன்னதாகக் காலமாகிவிட்டார். அந்த ஒரு காட்சியைக் காணாமல் போனது அவர் செய்த புண்ணியம்.

சென்னை கவர்னர் பிகட், ஊரைக் கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் துருப்புகளுக்குப் படிப்பணம் கிடையாது என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டார். வாங்கியதும் முதற்காரியமாக இடிக்கத் தொடங்கினார். பிரான்சுவா மார்த்தேன் காலத்தில் எழுந்த ஐங்கோண வடிவமான லூயி கோட்டை போயிற்று. மதில்கள் போயின. பிறகு வீடுகளும் மாளிகைகளும் போயின. இன்று பாரதி பூங்காவில் நாம் காற்று வாங்குகிற வட்டாரம் அன்று கல்லும் காரையும் குவிந்த மேடு. தப்பி நின்ற மிகச் சில கட்டடங்களில் ரங்கப் பிள்ளையின் வீடும் ஒன்று என்பார்கள்.

நாலு வருஷம் கழிந்தது. 1763-ல் பாரிஸில் சமாதானம் ஏற்பட்டு, 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. குவர்னராக வந்தவர் லா தெ லோரிஸ்தோன். கஜானா காலி. எதிரே ஓர் இடிபாட்டு மைதானம். மனிதர் புது நகரத்துக்குப் படம் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. பழைய அமைப்பின்படியே, பழைய அஸ்திவாரங்களின் மேலேயே ஊரை எழுப்பத் தொடங்கினார். ஐந்து மாதத்தில் 200 வெள்ளைக்காரர் வீடுகளும் 2000 தமிழர் வீடுகளும் எழுந்துவிட்டன.

ஐந்து மாதத்தில் 2200 வீடு! இதற்கு வேண்டிய அவ்வளவு செங்கல்லையும் புதிதாக அறுத்து, காய வைத்து, சூளை போட்டுச் சுட்டெடுக்க வேண்டுமானால் எத்தனை விறகு, எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று கட்டட வேலை தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அஸ்திவாரம் காலடியில் இருந்தது. அதன் மேல் நின்ற சுவர்கள் பக்கத்திலேயே குவியலாகக் கிடந்தன. பகைவன் இடித்துப் போட்ட ஊர், திரும்பி வந்தவர்களுக்குக் கல் கிடங்காயிற்று. நம்முடைய தெருக்களின் கீழேயும் சுவர்களின் உள்ளேயும் அந்தப் பழைய ஊர் படுத்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? அவர்கள் நம்மைவிட உத்தமர்கள் என்பதால் அல்ல. அந்தக் காலத்தில் செங்கல் அருமை, வண்டி அருமை. பத்து மைல் தூரம் மாட்டு வண்டியில் குப்பை கொண்டுபோய்க் கொட்டுவதற்கு எவனுக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதை எனக்குச் சொன்னவர் சரித்திராசிரியர் அல்ல, மேஸ்திரி.

சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிடச் சற்று இளகியது. ஆகையால் சுவரைப் பிரிக்கும்போது காரை விட்டுக் கொடுக்கும், கல் பிழைக்கும். சிமெண்டுக் கலவை அப்படியல்ல. அது பல செங்கற்களைவிடக் கடினம். பிரிக்கப் போனால் சிமெண்டு விடாது, கல்தான் உடையும். "சுண்ணாம்பு கட்டிக்கிட்ட பெண்டாட்டி மாதிரி தம்பி, கோவிச்சுக்கிட்டுப் போனா நகையோட போகும். சிமெண்டு கடன்காரன் மாதிரி, தோலை உரிச்சுக்கிட்டுத்தான் விடும்" என்பது அவர் கண்ட பௌதிக சாஸ்திரம்.

உடைந்த செங்கல்கூட அன்று குப்பை அல்ல. எங்கள் வீட்டு மச்சுத் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகைக் கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். அதற்கு மேல் தட்டோடு. அந்தச் செங்கல் ஜல்லி என்பது உடைந்த கல்தானே? இன்னும் பொடியாகப் போனால் சுர்க்கி. செங்கல் பொடியைச் சுண்ணாம்பில் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். முழுக்கல் சுவருக்கு, அரைக்கல் மூலைக்கு, துண்டு ஜல்லிக்கு, பொடி காரைக்கு. நம் வீடுகளில் தேங்காயை நார், ஓடு, மட்டை என்று மிச்சமில்லாமல் உபயோகித்த மாதிரி ஒரு செங்கல்லுக்கு நாலு பிறவி இருந்தது.

1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரிமை பெற்றார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் நாலு மாடி ஆஸ்பத்திரி ஏது, மேம்பாலம் ஏது? ஆனால் அதைச் சுட்டெடுக்கச் சுமார் 1450 டிகிரி உஷ்ணம் வேண்டும். அவ்வளவு நெருப்பைத் தின்ற பொருளை ஒரே தடவை உபயோகித்துவிட்டு ஏரியில் எறிவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

காங்கிரீட்டுக்கும் மறுபிறவி உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது ஜெர்மானிய நகரங்கள் நம் 1761-ஐப் போல ஆயிரம் மடங்கு இடிந்து கிடந்தன. பெண்கள் வரிசையாக நின்று சுத்தியலால் காரையைத் தட்டிச் செங்கற்களை அடுக்கினார்கள். 'இடிபாட்டுப் பெண்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். உதவாது என்று விட்டதைக் குவித்ததில் பெர்லினில் ஒரு குன்றே உண்டாயிற்று. 'பிசாசு மலை' என்று அழைக்கிறார்கள். நம் நாட்டில் 2009-ல் டில்லியில் புராரி என்ற இடத்தில் கட்டட இடிபாடுகளை நொறுக்கிச் சலித்து ஜல்லியும் மணலும் நடைபாதைக் கற்களும் செய்யும் ஆலை ஏற்பட்டது. 2016-ல் திருத்திய இந்தியத் தர நிர்ணயமும் இதை அங்கீகரித்துவிட்டது. இரும்புக் கம்பி போட்ட சாதாரண காங்கிரீட்டில் ஜல்லியில் 20 சதவிகிதம் வரை, கம்பி இல்லாததில் 25 சதவிகிதம் வரை, அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் எளிய காங்கிரீட்டில் முழுவதுமே நொறுக்கிய பழைய காங்கிரீட்டாக இருக்கலாம்.

அதே 2016-ல் மத்திய சர்க்கார் விதிகளும் போட்டது. நாளொன்றுக்கு 20 டன்னோ, ஒரு வேலையில் மாதத்துக்கு 300 டன்னோ இடிபாடு உண்டாக்குகிறவர்கள் அதைக் காங்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நாலு குவியலாகப் பிரித்தாக வேண்டும் என்றது. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மேஸ்திரி எந்த கெஜட்டும் படிக்காமல் அதைத்தானே கேட்டார்? கூடவே ஒரு மாதம் கேட்டார், அவ்வளவுதான். இடிப்பதற்கு முன்பே பிரிப்பதும், கலந்து கிடப்பதை அப்புறம் பிரிப்பதும் ஒன்றல்ல. அரிசியில் கல் பொறுக்கலாம். பொங்கிய சோற்றில் பொறுக்க முடியுமா?

எங்கள் வீடு அந்த 300 டன் கணக்குக்குள் வந்திருக்குமோ என்னவோ. சட்டத்தைச் சாக்குச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. இடிக்காமலே இருந்திருக்கலாமே என்ற கேள்வியும் உண்டு. வைசியாள் வீதியில் வரிசையாகப் பழைய வீடுகளின் முகப்பைப் பழுது பார்த்து நிறுத்தியதற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கொடுத்தது. கடற்கரையில் நூற்றைம்பது வருஷத்தை எட்டிக்கொண்டிருந்த மேரி கட்டடம், கவனிப்பாரற்று, 2014 நவம்பர் 29-ந் தேதி மழையில் தானாகவே சரிந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். ஓட்டை அடைக்கச் சோம்பினால் ஊரையே கட்ட வேண்டியிருக்கும் என்பதற்கு இரண்டு கட்டடங்களும் சாட்சி.

ஆக, பகைவர் நம் ஊரை இடித்தார்கள். திரும்பி வந்தவர்கள் அந்தக் கல்லாலேயே கட்டினார்கள். இப்போது நம் ஊரை நாமே இடிக்கிறோம். கல்லை ஏரிக்குக் கொடுத்துவிட்டு, புதுக் கல்லுக்காக மலையை உடைக்கிறோம். இடித்தவனுடைய கண் எதிரே அந்தக் குவியல் கிடந்தவரை அது செல்வமாக இருந்தது. லாரி வந்து அதைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோகத் தொடங்கிய அன்று அது குப்பையாயிற்று. பிகட்டைவிட நான் பெரிய காரியம் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இடித்த கல் ஊரிலேயே கிடந்தது.

போன தை மாதம் மேஸ்திரி வீட்டுக்குப் பொங்கலுக்குப் பிற்பாடு போயிருந்தேன். வில்லியனூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெண்ணுக்கென்று பின்கட்டில் ஓர் அறை போட்டிருக்கிறார். பூசவில்லை. மெல்லிய பழைய செங்கல், சுண்ணாம்புக் காரையில் வரிசை பிசகாமல் ஏறியிருந்தது. அங்கங்கே சில கற்களின் முகத்தில் நீலம் தெரிந்தது. எங்கள் பாட்டி பூஜை அறைக்கு வருஷா வருஷம் நீலம் கலந்த சுண்ணாம்பு அடிக்கச் சொல்வாள்.

"பூசிடலாம்னுதான் இருந்தேன் தம்பி. பொண்ணு வேணாங்குது, இப்படியே அழகா இருக்காம்" என்றார்.

எத்தனை கல் தேறியது என்று கேட்டேன். வாயெடுத்தவுடன் சொன்னார், எண்ணி வைத்திருந்தவர் போல: "ரெண்டாயிரத்து நூத்துப் பன்னெண்டு."

ஏரிக்குள் எத்தனை இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.